கறுப்பு இறங்கவில்லை என்றால் மையைக் கூட்டாதீர்கள்

போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், ஒரு தம்பி காசிமேட்டுப் படம் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் இன்க்ஜெட்டில் போட்டோ பிரிண்ட் போடும் என் அறைக்கு வந்தார். விடிவதற்கு முன்னால் எடுத்த படம். கறுப்புப் பெயின்ட் அடித்த விசைப்படகின் பக்கவாட்டு படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதன் குறுக்கே ஒரே ஒரு வெள்ளை நைலான் கயிறு தொங்குகிறது, படமே அந்தக் கயிறுதான். பளபளப்பில்லாத காட்டன் மேட் பேப்பரில் முதல் பிரிண்ட் வந்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கறுப்பு பத்தலைண்ணா, இன்னும் கொஞ்சம் இறக்குங்க" என்றார். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது சுலபம் என்று, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் மை அடர்த்தியை 15 ஏற்றி இன்னொன்று போட்டேன்.

காய்ந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்பைக் கையில் கொடுத்தேன். முதல் பிரிண்டில் கயிற்றின் மூன்று பிரியும் தனித்தனியாக, முறுக்கின் நிழலோடு தெரிந்தன. இரண்டாவதில் இரண்டு பக்கத்துக் கறுப்பும் கயிற்றுக்குள் கசிந்து, பிரிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சாம்பல் நிறத்தில் ஒரு கோடுதான் மிச்சம். சரி, கறுப்பாவது கூடியிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நிறத்தை அளக்கும் அளவுக் கருவியை வைத்தால் இரண்டிலும் ஒரே எண். சாய்த்துப் பார்த்தால் இரண்டாவது பிரிண்டின் கறுப்பு, ஈரம் காய்ந்த சிலேட்டு மாதிரி திட்டுத் திட்டாக வெளிறியிருந்தது.

மை கூடினால் கறுப்பு கூடும் என்பது ஓர் எல்லை வரைக்கும்தான் உண்மை. அந்த எல்லை ஒவ்வொரு பேப்பருக்கும் வேறு, நம் ஊர்க் காற்றில் அது இன்னும் கொஞ்சம் நகரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனைத் தாளும், ஒரு நாள் பொறுமையும் இருந்தால் போதும். எப்படி என்று எழுதுகிறேன்.

மீடியா டைப் என்ன செய்கிறது

பிரிண்டர் டிரைவரில் மீடியா டைப் என்ற இடத்தில் லஸ்டர், கிளாஸி, வெல்வெட் ஃபைன் ஆர்ட், வாட்டர்கலர் பேப்பர் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பேப்பரின் பெயர் என்று நினைத்துத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள், கையில் இருப்பது வேறு கம்பெனிப் பேப்பர் என்றால் பெயர் கொஞ்சம் ஒத்துப்போகிற எதையாவது அழுத்திவிட்டு மேலே போய்விடுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் பிரிண்டருக்குப் போகிற ஒரு கட்டளைத் தொகுப்பு. எந்தக் கறுப்பு மையை எடுப்பது, ஒவ்வொரு நிறமும் அதிகபட்சம் எவ்வளவு விழலாம், எல்லா மையும் சேர்ந்து ஒரே இடத்தில் எவ்வளவு வரை போகலாம், வெளிர் சாம்பல் மையிலிருந்து கறுப்பு மைக்கு எந்த இடத்தில் கை மாறுவது, மையைத் தெளிக்கும் ஹெட் பேப்பருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் ஓடுவது, தாள் எந்த வழியாக உள்ளே போகலாம், இத்தனையும் அதற்குள் அடக்கம். போட்டோ பிரிண்டரின் டிரைவர் நம்மிடமிருந்து ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களைத்தான் வாங்கிக்கொள்கிறது, அதை மையாகப் பிரிக்கிற வேலையை அதுவே செய்துகொள்கிறது. அதனால் சாதாரண டிரைவரில் வேலை செய்கிறவருக்கு மை அளவைத் தொடுவதற்கு இரண்டு பிடிகள்தான்: மீடியா டைப், அப்புறம் அதற்குக் கீழே இருக்கும் கலர் டென்சிட்டி, அதாவது மை அடர்த்தி.

சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறவரிடம் கேட்டால், ஒவ்வொரு மைக்கும் முழு அளவு 100 என்று வைத்து, நல்ல ஆர்ட் பேப்பரில் நான்கு மையும் சேர்ந்து ஏறக்குறைய 300 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வார். நமக்கு அப்படி ஒரே எண் கிடையாது. இங்கே மையில் பெரும்பகுதி தண்ணீர், கூடவே கிளைக்கால் மாதிரி மெதுவாகக் காய்கிற திரவங்கள், அவற்றோடு கொஞ்சம் நிறமித் துகள். இன்க்ஜெட் பேப்பரின் மேல் சிலிக்கா போன்ற நுண்துகளை ஒரு பசையோடு குழைத்துப் பூசியிருப்பார்கள். திரவம் அந்தப் பூச்சுக்குள் இறங்கிவிட, நிறமி மேலேயே தங்க வேண்டும், அதுதான் கணக்கு. பூச்சு குடிக்கிற அளவுக்கு மேல் ஊற்றினால் திரவம் பக்கவாட்டில் ஓடுகிறது, நிறமியையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதனால்தான் கயிறு மூடிக்கொண்டது. மேட் பேப்பரில் இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கும்: மேற்பரப்பு ஏற்கெனவே சொரசொரப்பு, அதன் மேல் நிறமி குவியக் குவிய வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் கறுப்பு கூடாமல் நின்றுவிடுகிறது, சில பேப்பரில் திரும்பி வெளிறவும் செய்கிறது.

எவ்வளவு கறுப்பை எதிர்பார்க்கலாம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் போய்விடும். அளவுக் கருவிகள் காட்டும் எல் மதிப்பில் 0 என்றால் முழு இருட்டு, 100 என்றால் முழு வெள்ளை. நல்ல காட்டன் மேட் பேப்பரில் மேட் பிளாக் மை போட்டால் எல் மதிப்பு 16, 17 பக்கம் வந்து நிற்கும், அதாவது டிமேக்ஸ் எனப்படும் உச்சக் கறுப்பின் அடர்த்தி 1.65 அளவு. பரைட்டா, லஸ்டர் மாதிரிப் பளபளப்பு வகைகளில் போட்டோ பிளாக் மையோடு 4-க்குப் பக்கத்தில்கூடப் போகலாம், டிமேக்ஸ் 2.3, 2.4. இந்த இடைவெளியை எந்த செட்டிங்கும் மூடாது. மேட் பேப்பரைப் பரைட்டா மாதிரி கறுக்க வைக்க வேண்டும் என்று மையைக் கூட்டுகிறவர் பேப்பரோடு சண்டை போடுகிறார், படம்தான் அடி வாங்குகிறது.

முதலில் கறுப்பு மையின் குடும்பத்தைச் சரியாகப் பிடியுங்கள்

மீடியா டைப்புகள் எல்லாம் இரண்டு குடும்பம். கிளாஸி, லஸ்டர், செமிகிளாஸ், பரைட்டா எல்லாம் போட்டோ பிளாக். மேட், ஃபைன் ஆர்ட், வாட்டர்கலர் எல்லாம் மேட் பிளாக். குடும்பம் மாறினால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. பளபளப்புப் பேப்பரில் மேட் பிளாக் விழுந்தால் கறுப்பு மேலேயே பொடியாக உட்கார்ந்திருக்கும், விரலால் தொட்டால் விரலோடு வந்துவிடும். மேட் பேப்பரில் போட்டோ பிளாக் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், அதைப் பார்த்துவிட்டு இந்தப் பேப்பரே சரியில்லை என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்சன் பி800 மாதிரி மாடல்களில் இரண்டு கறுப்பும் ஒரே வழியாகப் போகும், ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போதெல்லாம் மை வீணாகும், அதனால் மேட் வேலையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே நாளில் போடுவது நல்லது. 2020-இல் வந்த பி700, பி900-இல் இரண்டுக்கும் மை வரும் துளை, அதாவது நாசில், தனித்தனியாக இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

குடும்பம் தெரிந்ததும் பேப்பர் கம்பெனி சொல்வதைப் படியுங்கள். ஹானமூல, கான்சன் மாதிரி கம்பெனிகள் தங்கள் பேப்பருக்கான ஐசிசி புரொஃபைலை இலவசமாகவே கொடுக்கின்றன, கூடவே இந்த பிரிண்டரில் இந்த மீடியா டைப்பை வை என்று குறிப்பும் இருக்கும். புரொஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. புரொஃபைல் என்பது ஒரு குறிப்பிட்ட மை அளவில் அந்தப் பேப்பர் என்ன நிறம் காட்டியது என்ற பதிவு. மை அளவு மாறிவிட்டால் அந்தப் பதிவு வேறு ஏதோ ஒரு பேப்பரைப் பற்றிப் பேசுவது மாதிரிதான்.

சோதனைத் தாள்

ஏ5 அளவில் ஒரே ஒரு ஃபைல் செய்து வைத்துக்கொள்ளுங்கள், எப்சன் என்றால் அங்குலத்துக்கு 360 பிக்சல், அதாவது 360 பிபிஐ, கேனான் என்றால் 300. அதில் நான் வைத்திருப்பவை இவை. முதலில் சாம்பல் படிகள், ஆர்ஜிபி 0-இலிருந்து 40 வரை நான்கு நான்காக, அதற்கு மேல் 255 வரை பெரிய தாவலாக. அடுத்து ஒரு முழுக் கறுப்புக் கட்டம், இரண்டு அங்குலச் சதுரமாவது இருக்கட்டும், சின்னக் கட்டத்தில் மை தேங்குவது தெரியாது. அப்புறம் அடர்ந்த நிறங்கள்: கருநீலம், அரக்கு, கரும்பச்சை, காப்பித்தூள் நிறம். மை அதிகமாகி வழிவது பல சமயம் கறுப்பில் இல்லை, இந்த நிறங்களில்தான், ஏனென்றால் இரண்டு மூன்று மைகள் ஒன்றாக விழுவது இங்கேதான். தூய சிவப்பு, தூய பச்சை, தூய நீலத்துக்கும் ஒவ்வொரு கட்டம்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக, 6 பாயின்ட் அளவில், தமிழ் எழுத்துகள். ஞ, ணு, ஜ, கூ, ஃ, கூடவே மெய்யெழுத்துகள் நாலைந்து. நம் எழுத்துகளில் சுழி அதிகம், மை ஒரு மயிரிழை கசிந்தாலும் உள்ளே நெருக்கமாக ஓடுகிற வெள்ளைக் கோடுகள்தான் முதலில் மறையும். க் என்பது புள்ளி மறைந்து க ஆகிவிட்டால் மை கூடிவிட்டது என்று அர்த்தம், ஃ-இன் மூன்று புள்ளியில் ஒன்று போனாலும் அப்படித்தான். 1, 2, 3 பிக்சல் தடிமனில் வெள்ளைக் கோடுகளும் போடுங்கள். 360 பிபிஐயில் ஒரு பிக்சல் 0.07 மில்லிமீட்டர், அது எந்த மேட் பேப்பரிலும் முழுசாக வராது, 2 பிக்சல் கோடு வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் உங்கள் படங்களிலிருந்தே இருட்டான ஒரு துண்டு. எனக்கு இப்போது அந்தக் காசிமேட்டுக் கயிறு, தம்பியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இதை நிறத் திருத்தம் எதுவும் இல்லாமல் பிரிண்ட் செய்ய வேண்டும், அப்போதுதான் மையை மட்டும் பார்க்கிறோம். எப்சன் டிரைவரில் நிறத் திருத்தத்தை ஆஃப் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் போட்டோஷாப்பில் சிஎஸ்5 பதிப்பிலிருந்து நிறத் திருத்தம் வேண்டாம் என்று சொல்லும் வசதியை எடுத்துவிட்டார்கள், அதற்கென்று அடோபி தனியாக ஒரு சின்ன பிரிண்ட் கருவி கொடுத்தது. புரொஃபைல் செய்கிற மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே அனுப்பலாம்.

மூன்று மீடியா டைப், நான்கு அடர்த்தி

உங்கள் பேப்பரின் குடும்பத்துக்குள் இருக்கும் மூன்று மீடியா டைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோதனைத் துண்டு போடுங்கள். துண்டின் பின்னால் பென்சிலில் உடனே எழுதிவிடுங்கள், எது எந்த செட்டிங் என்று அரை மணி நேரத்தில் மறந்துவிடும். ஒரே கறுப்பு மைதான், ஆனால் மூன்று துண்டும் மூன்று மாதிரி இருக்கும், ஒன்று தேங்கியிருக்கும், ஒன்று மெலிந்திருக்கும். அதில் கறுப்பு நன்றாக இறங்கி, எழுத்துச் சுழிகள் திறந்திருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த ஒரு மீடியா டைப்பில் மட்டும் கலர் டென்சிட்டியை 0, மைனஸ் 8, மைனஸ் 16, மைனஸ் 24 என்று இறக்கி நான்கு துண்டு. எப்சனில் இது விண்டோஸில் பேப்பர் கான்ஃபிகுரேஷன் என்ற இடத்திலும், மேக்கில் அட்வான்ஸ்டு மீடியா கண்ட்ரோல் என்ற இடத்திலும் இருக்கும். கேனான் ப்ரோ-1000 மாதிரி மாடல்களில் மீடியா கான்ஃபிகுரேஷன் டூல் என்று தனியாக ஒரு மென்பொருள், அதில் புதிய பேப்பர் சேர்க்கும்போது அதிகபட்ச மை அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். பிரிண்டரிலிருந்து சூடாக வருகிற துண்டைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், ஈரமாக இருக்கும்போது கறுப்பு ஆழமாகத்தான் தெரியும், காய்ந்ததும் ஒரு படி வெளிறிவிடும். மறுநாள் ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் நான்கையும் வரிசையாக வையுங்கள். நான் பார்க்கும் வரிசை இதுதான்: முதலில் கறுப்புச் சதுரம், சாய்த்துப் பிடித்து, திட்டு இருக்கிறதா, புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கிறதா என்று. அடுத்து சாம்பல் படிகளில் 0-க்கும் 4-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிகிறதா. மை மிதமிஞ்சியிருந்தால் முதல் நான்கைந்து படி ஒரே கட்டியாக நிற்கும். அதற்கடுத்து லூப்பை வைத்து எழுத்துகள். கடைசியாகப் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரலில் சுற்றி, கறுப்புச் சதுரத்தில் ஒரே ஒரு தடவை, அழுத்தாமல் ஓட்டுங்கள். மேட் பேப்பரில் லேசாகச் சாம்பல் படிவது இயல்பு, துணியில் கறுப்பாகக் கோடு விழுந்தால் அந்த நிறமி பிடிமானம் இல்லாமல் இருக்கிறது, ஃபிரேம் போடுகிற இடத்தில் ஒரு கை பட்டாலும் போய்விடும்.

கருவி இருந்தால் கறுப்புச் சதுரத்தின் எல் மதிப்பை நான்கிலும் எழுதுங்கள். பெரும்பாலும் 0-க்கும் மைனஸ் 8-க்கும் எண் மாறாது, மைனஸ் 16-இல் அரை எண் ஏறலாம், அதற்குப் பிறகு சட்டென்று ஏற ஆரம்பிக்கும். அந்த ஏற்றம் ஆரம்பிப்பதற்கு முந்தைய இடம்தான் உங்கள் எல்லை. கறுப்பு குறையாமல் மை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் லாபம், காசில் மட்டும் இல்லை, காய்கிற நேரத்திலும் கூர்மையிலும். கருவி இல்லாதவர்கள் நான்கு துண்டையும் ஒரே நேரத்தில் ஃபிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து, தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டு ஸ்கேன் செய்து, கறுப்புச் சதுரங்களின் எண்களை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்த எண் சரியான அளவு இல்லை, ஆனால் எது எதைவிடக் கறுப்பு என்ற வரிசையைச் சரியாகச் சொல்லிவிடும், நமக்குத் தேவை அதுதான்.

கறுப்பு வெள்ளை மட்டும் போடுகிறவர்கள் எப்சன் வைத்திருந்தால் குவாட்டோன்ரிப் என்ற பிரிண்ட் மென்பொருளைக் கட்டாயம் பாருங்கள். அதில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக 5 சதவீதப் படிகளில் சோதனைத் தாள் வரும், எந்தப் படியோடு கறுப்பு கூடாமல் நின்றது என்று கண்ணாலேயே பார்த்து அந்த மைக்கு அங்கேயே வேலி போட்டுவிடலாம். பெரிய ரோல் பிரிண்டரை, டிரைவருக்குப் பதிலாக மையைப் பிரிக்கும் ரிப் மென்பொருளில் ஓட்டுகிறவர்களுக்கும் வரிசை இதேதான்: முதலில் தனி மையின் எல்லை, அப்புறம் லீனியரைசேஷன், அதாவது படிகளைச் சீராக்குவது, அப்புறம் மொத்த மையின் எல்லை, அதற்கும் பிறகுதான் புரொஃபைல். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

நம் ஊர்க் காற்று

பிரிண்ட் அறைக்கு 40-இலிருந்து 60 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். சென்னையில் வெளிக்காற்று பெரும்பாலான நாள் 60-ஐத் தாண்டித்தான் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். காட்டன் பேப்பர் அந்த ஈரத்தைக் குடிக்கும். பூச்சில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருந்தால் மையின் திரவத்துக்கு உள்ளே இடம் குறைவு, காய்வதும் மெதுவாகிறது. சித்திரையில் ஏசி அறையில் நன்றாக வந்த அதே செட்டிங் ஐப்பசியில் கசிவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தம்பியின் படத்துக்குச் சோதனைத் துண்டு போட்டபோது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது: பெட்டியைத் திறந்து இரண்டு நாள் வெளியில் கிடந்த தாளில் எழுத்துச் சுழிகள் மூடின, அதே பெட்டியில் கவருக்குள்ளேயே இருந்த தாளில் அதே செட்டிங்கில் திறந்திருந்தன.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன ஈரப்பத மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கி பிரிண்டருக்குப் பக்கத்தில் வையுங்கள், ஜன்னல் பக்கத்தில் வேண்டாம். பிரிண்ட் போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டுவிடுங்கள், ஆனால் காற்று நேராக பிரிண்டர் மேல் விழக் கூடாது, நாசில் உலர்ந்துவிடும், தாளும் சுருளும். தேவையான தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியின் பிளாஸ்டிக் கவரை ஒட்டி மூடிவிடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று இருக்கட்டும், ரொம்ப அள்ளிப் போட வேண்டாம், தாள் மிதமிஞ்சி உலர்ந்தாலும் வளையும்.

தாளின் ஓரம் அலை அலையாகத் தூக்கியிருந்தால் ஹெட் அதில் இடித்துக் கறுப்புக் கோடு போட்டுவிடும், ஹெட்டுக்கும் கெடுதல். 300 ஜிஎஸ்எம்முக்கு மேல் இருக்கும் தாளில் இதற்குத்தான் பிளாட்டன் கேப்பை, அதாவது ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை, ஒரு படி கூட்டுகிறோம். ஒரு படிக்கு மேல் கூட்டாதீர்கள். இடைவெளி கூடினால் மைத்துளி போய்ச் சேருகிற இடம் தவறும், கூர்மை போகும். அதைவிட, தாளை வளைவுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு சுத்தமான குழாயில் தளர்வாகச் சுற்றி ஒரு நிமிடம் வைத்துத் தட்டையாக்கிவிட்டுப் போடுவது நல்லது. மழைக்காலத்தில் நான் ஒவ்வொரு ஹெட் ஓட்டத்துக்கும் நடுவே காய்கிற நேரம் என்ற செட்டிங்கையும் ஒன்றிரண்டு நொடி ஏற்றி வைப்பேன். பிரிண்ட் மெதுவாக வரும், ஆனால் பரைட்டாவில் கருநீலம் தேங்குவது அதிலேயே பாதி அடங்கிவிடும், மை அளவைத் தொட வேண்டிய அவசியமே சில நேரம் வராது. போடுவதற்கு முன்னால் மென்மையான பிரஷ்ஷால் தாளை ஒரு தடவை தட்டிவிடுங்கள். காட்டன் பேப்பரில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும், மை அதன் மேல் விழுந்து பிறகு அது உதிர்ந்தால், கறுப்பின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, அதைத் திருத்தவே முடியாது.

அவ்வப்போது யாராவது புதுச்சேரி கைத்தாளைக் கொண்டுவந்து இதில் போட முடியுமா என்று கேட்பார்கள். அழகான தாள், எனக்கும் ஆசைதான், ஆனால் அதில் இன்க்ஜெட் பூச்சு கிடையாது. மை நாருக்குள் இறங்கிவிடும், கறுப்பு சாம்பலாக, ஓரம் மசமசவென்று வரும். மேட் குடும்பத்தில் மை குறைவாக விழும் மீடியா டைப்பை வைத்து, டென்சிட்டியை மைனஸ் 25, 30 வரைகூட இறக்கி, அந்த மங்கலுக்குப் பொருத்தமான படமாகத் தேர்ந்தெடுத்தால் நன்றாக இருக்கும். கோலம், பழைய வீட்டுச் சுவர், பனி மூடிய ஏரி, இந்த மாதிரி. கயிற்றுப் படம் அதில் ஆகாது. போடுவதற்கு முன் தாளின் தடிமனையும் உதிரும் நாரையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஹெட் விலை தாளின் விலை இல்லை.

எல்லை தெரிந்த பிறகு

மீடியா டைப்பும் டென்சிட்டியும் முடிவான பிறகுதான் புரொஃபைல். கம்பெனி கொடுத்த புரொஃபைலையே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அவர்கள் சொன்ன மீடியா டைப், டென்சிட்டி 0, அதைத் தொடாதீர்கள். டென்சிட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று சோதனை சொன்னால் சொந்தப் புரொஃபைல் செய்துகொள்வதுதான் வழி. அளவுக் கருவி இருந்தால் ஆர்கில் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது, கருவி இல்லாவிட்டால் கட்டணத்துக்குச் செய்து கொடுப்பவர்களிடம் கட்டங்கள் அச்சிட்ட தாளை அனுப்பலாம். அந்தத் தாளையும் ஒரு நாள் காயவிட்டு அளக்க வேண்டும். புரொஃபைலின் பெயரிலேயே பிரிண்டர், பேப்பர், மீடியா டைப், டென்சிட்டி, தேதி ஐந்தையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, இதற்கு என்ன டென்சிட்டி வைத்தோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது. படத்தைப் பிரிண்ட் செய்யும்போது நிறத்தைப் போட்டோஷாப்போ லைட்ரூமோ பார்த்துக்கொள்கிறது என்றால் டிரைவரில் நிறத் திருத்தம் ஆஃப் ஆக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகமெல்லாம் சிவந்துபோய் வரும், மை அளவின் மேல் பழி விழும்.

அப்புறம் அந்தக் கறுப்பு. பேப்பரின் எல்லையைத் தொட்டாகிவிட்டது, இன்னும் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் மீதி வேலை ஃபைலில்தான். சாஃப்ட் புரூஃபைப் போட்டு, பேப்பரின் நிறத்தையும் கறுப்பையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். முதல் பார்வையில் படம் செத்துப்போன மாதிரி இருக்கும், திரையில் இருக்கும் மெனு எல்லாம் மறைய முழுத்திரையாக்கி ஒரு நிமிடம் பார்த்தால் கண் பழகிவிடும். காசிமேட்டுப் படத்தில் நாங்கள் கறுப்பைத் தொடவே இல்லை. படகின் பக்கவாட்டில் மேல்விளிம்பில் விழுந்திருந்த கொஞ்சம் வெளிச்சத்தை லேசாக ஏற்றினோம், கயிற்றின் மேல்பக்கத்தை இன்னும் ஒரு பிடி ஏற்றினோம், 10-க்கும் 30-க்கும் நடுவே இருந்த நிழல்களைக் கொஞ்சம் பிரித்துவிட்டோம். மை அடர்த்தி மைனஸ் 8, கவருக்குள் இருந்த தாள். பக்கத்தில் வெளிச்சம் ஏறியதும் கண்ணுக்குப் படகு தானாகவே கறுத்தது, அளந்து பார்த்தால் எல் மதிப்பு முதல் பிரிண்டில் இருந்த அதே 17. தம்பி முதல் பிரிண்டையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல மை அதிகமா போட்டீங்களாண்ணா?" என்று கேட்டார்.

ஃபிரேமுக்குக் கொடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு நாள், மழைக்காலம் என்றால் இரண்டு மூன்று நாள் திறந்து வையுங்கள். தொட்டால் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் கிளைக்கால் மெதுவாகத்தான் வெளியேறும், அவசரப்பட்டுக் கண்ணாடிக்குள் அடைத்தால் சில வாரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கும். முதல் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகு சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை மேலே பரப்பி வைத்தால் அது கொஞ்சம் உறிஞ்சும், தாள் நெளிந்தால் மாற்றிப் போடுங்கள். பழைய செய்தித்தாள் மட்டும் வேண்டாம், அதன் மையும் அமிலமும் நம் பிரிண்டுக்கு வந்து சேரும்.

சோதனைத் துண்டுகளில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒன்றை, செட்டிங்கும் தேதியும் அன்றைய ஈரப்பதமும் எழுதி, அந்தப் பேப்பர்ப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு கவரில் போட்டு வையுங்கள். புதுப் பெட்டி பிரிக்கும்போதும், மழைக்காலம் தொடங்கும்போதும் அதே ஃபைலில் ஒரு துண்டு போட்டுப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், க்-இன் புள்ளி இரண்டிலும் இருந்தால் செட்டிங்கைத் தொட வேண்டாம்.